ஓணத் திரக்கில் வந்த வருமான வரி ரீஃபண்ட் மெயில்: 48,500 ரூபாய் போய்விட்டது, இனி எதை நம்புவது?

தக்கலை_ஏத்தங்காய் | 7 செப்டம்பர் 2025

எல்லாருக்கும் வணக்கம். தக்கலைக்குப் பக்கத்தில் ஏத்தங்காய் சிப்ஸும் சர்க்கரை வரட்டியும் போடும் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. எண்ணெய்ச் சட்டியில் நான்கு பேர், பாக்கெட் போட இரண்டு பேர், பில்லும் கணக்கும் பார்க்க ஒரு பெண்.

போன வியாழக்கிழமை உத்திராடம். களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய சரக்கு வண்டியில் ஏறிக்கொண்டிருந்தது, போன் ஓயவில்லை. காலை பதினொன்றரை இருக்கும், கடை மெயிலுக்கு ஒன்று வந்தது. வருமான வரித் துறை என்று பெயர், அசோகச் சின்னம், என் பெயர், என் பான் எண் எல்லாம் சரியாக இருந்தன. ‘உங்கள் ரீஃபண்ட் 18,640 ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது, வங்கிக் கணக்கு சரிபார்க்கப்படவில்லை, இன்று மாலைக்குள் சரிசெய்யவும்’ என்று எழுதியிருந்தது. எங்களுக்கு உண்மையாகவே ரீஃபண்ட் வர வேண்டியிருந்தது. எஃப்டி வட்டியில் டிடிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடித்திருந்தார்கள், ஆகஸ்ட் நடுவில் ரிட்டர்ன் போட்டிருந்தோம். அதனால்தான் சந்தேகமே வரவில்லை.

நான் சட்டிப் பக்கம் நின்றேன். கணக்குப் பெண், அக்காவை எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்று நினைத்து அவளே லிங்க்கைத் திறந்திருக்கிறாள். வரித் துறைப் பக்கம் போலவே இருந்ததாம். வங்கியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி, நெட்பேங்கிங் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. கடை போனுக்கு ஓடிபி வந்தது, போட்டாள். ‘தவறு, மீண்டும் போடவும்’ என்றது, இன்னொன்று வந்தது, அதையும் போட்டாள். 29,500, பிறகு 19,000. மொத்தம் 48,500 ரூபாய் கரண்ட் அக்கவுண்டிலிருந்து போய்விட்டது.

அவள்மேல் எனக்குத் துளி கோபம் கிடையாது. அந்த நேரத்தில் போன் என் கையில் இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன். மூன்று நாளாக அந்தப் பிள்ளை சரியாகச் சாப்பிடவில்லை, அதுதான் எனக்குப் பணத்தைவிடப் பெரிய கவலை.

முதலில் வங்கிக் கிளைக்கு அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. நாகர்கோவிலில் படிக்கும் தம்பி மகன்தான் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அடிக்கச் சொன்னான். அதற்குள் 35 நிமிடம் ஆகிவிட்டது. புகார் எண் வந்தது, 21,000 ரூபாயை ஒரு கணக்கில் நிறுத்தி வைத்திருப்பதாகச் சொன்னார்கள். மறுநாள் திருவோணம், மிலாது நபியும் அன்றுதான், வங்கி கிடையாது. சனிக்கிழமைதான் போய் எழுதிக் கொடுத்தேன்.

என் கேள்வி இரண்டு. 15-ஆம் தேதி ரிட்டர்ன் கடைசி நாள் என்று தினமும் மெசேஜ் வருகிறது. எது துறை அனுப்புவது, எது திருடன் அனுப்புவது? அடுத்தது, ஜிஎஸ்டி சம்பந்தமான மெயில் எதுவும் எனக்கு வருவதே இல்லை, எல்லாம் ஆடிட்டர் ஆபீஸ் போனுக்குத்தான். நேற்று ஒருவர் ‘ஜிஎஸ்டி ஆபீஸ், உங்கள் பதிவு இன்று ரத்தாகிறது, வாட்ஸ்அப்பில் ஃபைல் அனுப்புகிறேன்’ என்றார். பொய்யாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. ஆனால் உண்மையாக இருந்தால் என்ன செய்வது என்று இரவு தூங்கவில்லை.

---

வடசேரி_வரிக்கணக்கு | 7 செப்டம்பர் 2025

அக்கா, அந்த வாட்ஸ்அப் ஃபைல் வந்திருந்தால் திறக்காமல் அழித்துவிடுங்கள். பதிவு யாருக்கும் ஒரே நாளில் ரத்தாகாது. ரத்து செய்ய நினைத்தால் முதலில் ரெக்-17 என்ற காரணம் கேட்கும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், பதில் சொல்ல ஏழு வேலை நாள் உண்டு. போனில் சொல்லி மாலையில் ரத்து செய்யும் வழக்கமே இல்லை. நிம்மதியாகத் தூங்குங்கள்.

நான் நாகர்கோவிலில் விற்பனை வரிக் காலத்திலிருந்து ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கிறவன். உங்கள் இரண்டாவது கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதில் எங்கள் தொழிலின் தவறு இருக்கிறது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது கடைக்காரர்கள் பலருக்கு மெயிலே கிடையாது. அவசரத்தில் நாங்களே ஒரு மெயில் தொடங்கி, எங்கள் ஆபீஸ் மொபைல் எண்ணைப் போட்டுப் பதிவு செய்தோம். எட்டு வருடம் ஆகியும் பல பேருக்கு அது அப்படியே கிடக்கிறது. கடை உங்களுடையது, உங்கள் கடைக்கு வரும் நோட்டீஸ் எங்கள் போனில். அசல் பக்கத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவரிடம் போலிப் பக்கத்தைக் காட்டினால் அவர் எதை வைத்துக் கண்டுபிடிப்பார்?

இன்னொன்றும் செய்தோம். வருமான வரிக்கு ஓடிபி கடைக்காரர் போனுக்குப் போகும். எங்கள் ஆபீஸ் பிள்ளைகள் போன் போட்டு, ‘அண்ணாச்சி, ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க’ என்பார்கள். அவரும் சொல்லிவிடுவார். வருடக்கணக்கில் இப்படிப் பழக்கிவிட்டோம். போனில் யாரோ கேட்டால் ஓடிபி சொல்லலாம் என்ற பழக்கத்தைத் திருடன் உண்டாக்கவில்லை, நாங்கள்தான் உண்டாக்கினோம். இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

அதனால் நாளைக்கே உங்கள் ஆடிட்டர் ஆபீஸுக்குப் போய், ஜிஎஸ்டி பதிவில் உங்கள் சொந்த மொபைல் எண்ணையும் மெயிலையும் போடச் சொல்லுங்கள். ஜிஎஸ்டி தளத்தில் உள்ளே நுழைந்து, ‘நான்-கோர் அமெண்ட்மெண்ட்’ என்ற சிறு திருத்தப் பகுதி வழியாக மாற்றிவிடலாம். பாஸ்வேர்டே தெரியாத நிலை என்றால், உங்கள் பகுதி வரி அலுவலரிடம் ஆவணங்களோடு போனால் மாற்றித் தருவார். ஆடிட்டர் கோபித்துக்கொள்வார் என்று தயங்க வேண்டாம். உங்கள் வேலையை அவர் தொடர்ந்து செய்யலாம், கதவுச் சாவி மட்டும் உங்களிடம் இருக்கட்டும்.

இனி முதல் கேள்வி. மெயிலைப் பார்த்து உண்மையா பொய்யா என்று ஆராய்வதையே விட்டுவிடுங்கள். சின்னமும் பெயரும் பான் எண்ணும் யார் வேண்டுமானாலும் போடலாம். எந்த மெயில் வந்தாலும் அதை மூடிவிட்டு, நீங்களே பிரவுசரில் இன்கம்டாக்ஸ் டாட் கவ் டாட் இன் என்று அடித்து உள்ளே போங்கள். நோட்டீஸ் இருந்தால் ‘பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்’ என்பதற்குக் கீழே ‘இ-ப்ரொசீடிங்ஸ்’ பகுதியில் நிற்கும். ஜிஎஸ்டி என்றால் ‘சர்வீசஸ்’ பட்டியலில் ‘வியூ நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்’ ஒன்று, ‘வியூ அடிஷனல் நோட்டீசஸ் அண்ட் ஆர்டர்ஸ்’ ஒன்று. இரண்டையும் பாருங்கள், பல பேர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

ரீஃபண்ட் விஷயத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. வங்கிக் கணக்கு சரிபார்க்கப்படாததால் ரீஃபண்ட் நிற்பது உண்மையாகவே நடக்கும், துறையும் மெயில் அனுப்பும். திருடன் அதைத்தான் காப்பியடிக்கிறான். ஆனால் உண்மையில் நின்றிருந்தால் நீங்கள் உள்ளே நுழைந்து, உங்கள் விவரப் பகுதியில் வங்கிக் கணக்கைச் சரிபார்த்து, ‘ரீஃபண்ட் ரீஇஷ்யூ’ கேட்க வேண்டும். ரீஃபண்ட் தருவதற்காக வங்கி பாஸ்வேர்டையோ ஏடிஎம் பின்னையோ துறை மெயிலில் கேட்பதே இல்லை. 2023-இல் ‘15,490 ரூபாய் ரீஃபண்ட் அனுமதிக்கப்பட்டது’ என்று ஒரு மெசேஜ் நாடு முழுக்கச் சுற்றியது, மத்திய அரசின் உண்மை சரிபார்க்கும் பிரிவான பிஐபி ஃபேக்ட் செக் அது பொய் என்று அறிவித்தது. உங்களுக்கு வந்ததும் அதே வகைதான், தொகைதான் வேறு.

இன்னும் சில அடையாளங்கள் சொல்கிறேன். ரிட்டர்னைப் பரிசீலித்த பிறகு வரும் 143(1) கடிதம் பூட்டிய பிடிஎஃப் ஆக வரும். பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, பிறந்த தேதியைச் சேர்த்தால்தான் திறக்கும். 2019 அக்டோபர் 1 முதல் வருமான வரித் துறையின் கடிதங்களில் டின் என்ற ஆவண எண் இருக்க வேண்டும். அந்த எண் சரியா என்று துறையின் முகப்புப் பக்கத்திலேயே, உள்ளே நுழையாமலே பார்க்கலாம். ஜிஎஸ்டி தளத்தில் அதுபோல ஆர்எஃப்என் எண்ணைச் சரிபார்க்க இடம் உண்டு. எஸ்எம்எஸ் என்றால், அரசு அனுப்பும் செய்தியின் அனுப்புநர் பெயர் முடிவில் ஒரு கோடு போட்டு ‘ஜி’ என்ற ஆங்கில எழுத்து இப்போது வருகிறது. பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வந்தால் படிக்கவே வேண்டாம்.

வலைத்தள முகவரியை எப்படிப் படிப்பது என்பதையும் அந்தப் பெண்ணுக்குச் சொல்லிக் கொடுங்கள். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்த சாய்கோடு வரும் இடம் வரை பார்த்து, அதற்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்று கவனிக்க வேண்டும். வருமான வரி, ஜிஎஸ்டி தளங்கள் டாட் கவ் டாட் இன் என்றுதான் முடியும். நடுவில் எங்கேயோ கவ் என்று இருந்து, கடைசியில் டாட் காம் என்றோ டாட் சைட் என்றோ முடிந்தால் அது வேறு ஆளுடைய இடம். பூட்டுப் படம் தெரிகிறதே என்று நம்ப வேண்டாம், போலித் தளங்களும் அந்தப் பூட்டை வாங்கி வைத்திருக்கின்றன.

வரி கட்டும்போதும் கவனம். ஜிஎஸ்டி சலானில் சிபின் என்று 14 இலக்க எண் வரும். நெஃப்டில் கட்டினால் பணம் ரிசர்வ் வங்கிக்குத்தான் போகும், அந்த ஐஎஃப்எஸ்சி எண்ணே ஆர்பிஐஎஸ் என்றுதான் தொடங்கும். ‘ஆடிட்டர் கணக்கு மாறிவிட்டது, வரியை இந்த எண்ணுக்குப் போடுங்கள்’ என்று யார் எழுதினாலும் போடாதீர்கள்.

---

ஈத்தாமொழி_கயிறு | 8 செப்டம்பர் 2025

அக்கா, அந்த வாட்ஸ்அப் ஃபைல் பற்றி என் அனுபவத்தைச் சொல்கிறேன். ஜூலையில் எனக்கும் வந்தது. தெரியாத எண்ணிலிருந்து அல்ல, எட்டு வருடமாக என்னிடம் கயிறு எடுக்கும் வியாபாரியின் எண்ணிலிருந்து. ‘ஜிஎஸ்டி நோட்டீஸ்’ என்று பெயர். அழுத்தினேன். இன்ஸ்டால் செய்யவா என்று கேட்டது, ஆமாம் என்றேன். இரண்டு நிமிடத்தில் என் போனிலிருந்து இருநூறு பேருக்கு மேல் அதே ஃபைல் போய்விட்டது. எனக்கு வர வேண்டிய எஸ்எம்எஸ் எதுவும் வரவில்லை. அது அத்தனையையும் அந்த ஆப் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ஃபைல் பெயரின் முடிவில் ஏபிகே என்று இருந்தது. அது கடிதமே அல்ல, போனுக்குள் ஏறும் ஆப். எந்த அரசு ஆபீஸும் நோட்டீஸை அப்படி அனுப்பாது. நான் செய்த ஒரே நல்ல காரியம், உடனே ஏரோப்ளேன் மோடு போட்டு, வேறு போனிலிருந்து வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தியதுதான். முந்தின நாள் கூலி கொடுத்திருந்ததால் கணக்கிலும் பெரிதாக எதுவும் இல்லை. போனை முழுதாக அழித்து மறுபடி அமைக்க வேண்டியதாயிற்று, வருடக்கணக்கான படங்கள் எல்லாம் போய்விட்டன. போன் செட்டிங்கில் வாட்ஸ்அப் வழியாகத் தெரியாத ஆப் ஏற்றும் அனுமதியை அணைத்து வையுங்கள். கடையில் வேலை செய்கிறவர்கள் போனிலும் அணையுங்கள்.

---

தக்கலை_ஏத்தங்காய் | 8 செப்டம்பர் 2025

ரொம்ப நன்றி. ஃபைல் வந்திருக்கிறது, முடிவில் நீங்கள் சொன்ன அந்த எழுத்துகள்தான். திறக்கவில்லை, அழித்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு இரண்டு பதிலையும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். இன்று மதியம் சாப்பிட்டாள்.

போன பணத்தைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? வங்கியில் ‘நீங்களே ஓடிபி கொடுத்ததால் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது’ என்கிறார்கள்.

---

குழித்துறை_பழைய_கேஷியர் | 9 செப்டம்பர் 2025

அம்மா, முப்பத்தொரு வருடம் வங்கியில் இருந்தவன் நான். அவர்கள் சொன்னது பாதிதான் சரி. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, பாஸ்வேர்டை நாமே கொடுத்ததால் வந்த நஷ்டம் நம்முடையது. ஆனால் வங்கிக்குத் தெரிவிக்கும் வரைக்கும்தான். தெரிவித்த பிறகு ஒரு ரூபாய் போனாலும் அது வங்கியின் பொறுப்பு. அதனால் எத்தனை மணிக்கு, எந்த வழியில் தெரிவித்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். சனிக்கிழமை கொடுத்த கடிதத்தின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கினீர்களா? இல்லையென்றால் இன்றே போய் வாங்குங்கள்.

1930-இல் நிறுத்தி வைத்த 21,000 தானாகத் திரும்பி வராது. சைபர் கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரை முழுமையாகப் பதிவு செய்து, அந்த எண்ணோடு நாகர்கோவிலில் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள். இரண்டு பரிமாற்றத்துக்கும் வங்கி தரும் யுடிஆர் என்ற அடையாள எண், வங்கி ஸ்டேட்மெண்ட், அந்த மெயிலின் படம், லிங்க் எல்லாம் வேண்டும். மெயிலை அழித்துவிடாதீர்கள். நிறுத்திய பணத்தை விடுவிக்க நீதிமன்ற உத்தரவு கேட்க வேண்டி வரலாம், வழியைக் காவல் நிலையத்திலேயே சொல்வார்கள். மாதங்கள் ஆகலாம், விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை யாருக்கு நடந்தாலும் கிளைக்கு அடிக்கும் முன் 1930. பணம் ஒரு கணக்கிலிருந்து நான்கு கணக்குக்கு நிமிடங்களில் பிரிந்து ஓடும், அது நிற்கும் இடத்தில் பிடிக்க வேண்டும்.

கடைக்கு இரண்டு கணக்கு வையுங்கள். வசூல் விழும் கணக்கில் நெட்பேங்கிங் பரிமாற்ற வரம்பைக் குறைத்து வைத்து, வாரச் செலவுக்கு மட்டும் அடுத்த கணக்குக்கு மாற்றுங்கள். கரண்ட் அக்கவுண்டில் ஒருவர் போட இன்னொருவர் ஒப்புதல் தரும் வசதி உண்டு, கேட்டால் தருவார்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் அதைத் தானாக வந்து கேட்ட சின்ன வியாபாரிகள் மிகக் குறைவு.

உங்கள் பான் எண்ணும் அந்தத் திருடனிடம் இருக்கிறது அல்லவா? மூன்று மாதம் கழித்து ஒரு கிரெடிட் ரிப்போர்ட் எடுத்து, உங்கள் பெயரில் தெரியாத கடன் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். மெயில் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், வங்கிக்கு வைத்த அதையே வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

---

மார்த்தாண்டம்_தேன் | 9 செப்டம்பர் 2025

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். எங்களுக்குப் பாட்டில் அனுப்பும் கம்பெனியின் மெயிலிலிருந்தே ‘ஆண்டுக் கணக்கு முடிக்கிறோம், புதிய வங்கிக் கணக்கில் போடவும்’ என்று மார்ச் கடைசியில் வந்தது. பழைய பில் மெயிலுக்கு வந்த பதில் போல, அதே மெயில் சங்கிலியில். அவர்கள் மெயிலுக்குள் யாரோ நுழைந்திருக்கிறார்கள். நான் பழைய பில் புத்தகத்தில் இருந்த எண்ணுக்கு அடித்துக் கேட்டதால் தப்பித்தேன். மெயிலில் கொடுத்திருந்த எண்ணுக்கு அடித்திருந்தால் திருடனே எடுத்து ‘ஆமாம்’ என்றிருப்பான்.

---

தக்கலை_ஏத்தங்காய் | 21 செப்டம்பர் 2025

எல்லாருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்று வந்தேன். கடிதத்துக்கு முத்திரை வாங்கியாயிற்று, நாகர்கோவிலில் புகாரும் கொடுத்தாயிற்று. அங்கே இருந்தவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். 21,000 இன்னும் நிறுத்தியபடியே இருக்கிறது. மீதி 27,500 எந்த ஊருக்குப் போனதோ.

15-ஆம் தேதி நள்ளிரவு நெருங்கும்போது ‘கடைசி நாள் நீட்டிப்பு’ என்று நான்கைந்து மெசேஜ். ரிட்டர்ன் போட்டு முடித்த எனக்கே கை துறுதுறுத்தது. எதையும் தொடாமல் நேராகத் துறையின் தளத்தில் பார்த்தேன். உண்மையாகவே ஒரு நாள் நீட்டி 16 ஆக்கியிருந்தார்கள்.

18-ஆம் தேதி வருமான வரித் துறையிலிருந்து மறுபடியும் ஒரு மெயில். கணக்குப் பெண் பயந்துபோய் போனை என்னிடம் நீட்டினாள். இருவரும் உட்கார்ந்து மெயிலை மூடிவிட்டு, முகவரியை அவளே அடித்து உள்ளே போனாள். உள்ளேயும் அதே 143(1) கடிதம் இருந்தது. பிடிஎஃப் வடசேரி அண்ணன் சொன்னபடியே திறந்தது. ரீஃபண்ட் 7,210 ரூபாய். திருடன் சொன்ன 18,640 எங்கிருந்து வந்ததோ தெரியாது. நம் ரிட்டர்னில் ரீஃபண்ட் எவ்வளவு என்று அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்குமே தெரிந்திருக்கவில்லை, தெரிந்திருந்தால் அங்கேயே நின்றிருப்போம். இப்போது அந்தத் தொகையை ஒரு தாளில் எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டியிருக்கிறாள்.

ஜிஎஸ்டியில் என் எண்ணை மாற்ற ஆடிட்டர் முதலில் ‘எதுக்கும்மா வீண் வேலை’ என்றார், பிறகு உட்கார்ந்து பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார். நேற்று 3பி என்ற மாத ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் நாள். ஓடிபி இப்போது என் போனுக்கு வருவதால், ஆபீஸிலிருந்து அதைக் கேட்டு அழைத்தார்கள். போனை வைத்துவிட்டு, நானே ஆபீஸ் எண்ணுக்குத் திரும்ப அடித்து, முதலில் கணக்கை அனுப்பச் சொன்னேன். ஆகஸ்ட் விற்பனையில் ஒரு பில் இரண்டு முறை ஏறியிருந்தது. அதைத் திருத்திய பிறகுதான் ஓடிபியைச் சொன்னேன்.